கட்டடம் எழுந்தது, மன்றம் எழவில்லை: புதுச்சேரி உள்ளாட்சிகளின் ஆளும் பொருளும்

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் புதுச்சேரி, உழவர்கரை, காரைக்கால், மாஹே, ஏனாம் என 5 நகராட்சிகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளன. கொம்யூன்களின் கீழே கிராமப் பஞ்சாயத்துகள் 2006ஆம் ஆண்டுத் தேர்தலின்போது 98 ஆக இருந்தன. அந்தத் தேர்தலில் அமைந்த மன்றங்களின் பதவிக்காலம் 2011 ஜூலையில் முடிவுற்ற பிறகு, பத்தாண்டுகளுக்கும் மேலாக இந்த அமைப்புகள் அனைத்தையும் அரசு அமர்த்திய ஆணையர்களும் செயலர்களுமே நடத்தி வந்திருக்கின்றனர். அலுவலகங்கள் திறந்திருக்கின்றன, வீட்டு வரி வசூலாகிறது, பிறப்புச் சான்றிதழ் கிடைக்கிறது, குப்பை அள்ளப்படுகிறது. ஆகவே எதுவும் குறைவுபடவில்லை என்ற தோற்றம் எளிதில் உண்டாகிறது. ஆனால் எந்த வாய்க்கால் எந்த மழைக்கு முன் தூர்வாரப்பட வேண்டும், எந்தத் தெருவுக்கு எத்தனை துப்புரவுத் தொழிலாளர் வேண்டும், அவர்களுக்கான கூலி எந்த வருவாயிலிருந்து வர வேண்டும் என்பவற்றைத் தீர்மானித்து அதற்குப் பொறுப்பேற்கும் உறுப்பு அங்கே இல்லை. ஓர் அமைப்புக்கு ஆளும் பணமும் போதவில்லை என்று கூறுவதற்கும்கூட அந்த அமைப்புக்குள் ஒருவருக்கு உரிமை இருந்தாக வேண்டும். அந்த உரிமை புதுச்சேரியில் நெடுங்காலமாக நிரப்பப்படாத பணியிடமாகக் கிடப்பதே உள்ளாட்சிகளின் பற்றாக்குறைகள் அனைத்துக்கும் அடியில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்நிலை புதுச்சேரியில் ஏற்பட்டிருப்பது மற்ற இடங்களில் ஏற்பட்டிருப்பதைவிட வருந்தத்தக்கது. ஏனெனில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம் இந்த மண்ணுக்குப் புதிதாக வந்த இறக்குமதி அன்று.

கொம்யூன் வந்த வழி

1880 மார்ச் 12ஆம் நாளிட்ட பிரெஞ்சு அரசாணை, இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பகுதிகளைக் கொம்யூன்களாகப் பிரித்தது. கொம்யூன் என்பது தனக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும், மேர் எனப்படும் தலைவரும், தனி வரவு செலவுக் கணக்கும் கொண்ட, சட்டத்தின் பார்வையில் தனி ஆளாகவே கருதப்படும் அடிப்படை ஆட்சி அலகாகும். தொடக்கத்தில் கொம்யூன்கள் பத்து. பின்னர் அவை பிரிக்கப்பட்டு 17 ஆயின: புதுச்சேரிப் பகுதியில் புதுச்சேரி, அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, உழவர்கரை, வில்லியனூர், திருபுவனை, பாகூர், நெட்டப்பாக்கம் என எட்டு, காரைக்கால் பகுதியில் காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம், நிரவி என ஆறு, இவற்றோடு மாஹே, ஏனாம், சந்திரநாகூர். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யும் குடிமைப் பதிவேடு மேரின் பொறுப்பில் இருந்தது. ஒரு மனிதர் சட்டப்படி யார் என்பதற்கான சான்று, தொலைவிலுள்ள ஆளுநர் மாளிகையில் அன்றி, ஊரார் தேர்ந்தெடுத்த தலைவரின் அலுவலகத்திலேயே பிறந்தது என்பது இதன் பொருள்.

அந்தக் காலத்துத் தேர்தல்களைப் பொற்காலமாகப் போற்றிவிட முடியாது. ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் வாக்காளர் பட்டியல்கள் வெவ்வேறாக இருந்தன. எண்ணிக்கையில் மிகச் சிறிய கூட்டத்துக்கு அதன் அளவுக்குப் பொருந்தாத பெரும் பிரதிநிதித்துவம் கிடைத்தது. வன்முறையும் வாக்குத் திருட்டும் பிரெஞ்சிந்தியத் தேர்தல்களுக்குத் தீராத பழிச்சொல்லைத் தேடித் தந்தன. இவ்வளவு குறைகளுக்கு நடுவிலும், ஊரின் வரவையும் செலவையும் ஊர் மன்றமே பேசி முடிவு செய்ய வேண்டும் என்ற வழக்கம் மூன்று தலைமுறைகளுக்குள் வேரூன்றியது. அந்த வழக்கத்தின் வலிமை 1954இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் புதுச்சேரியையும் அதைச் சூழ்ந்த கொம்யூன்களையும் சேர்ந்த மேர்களும் மன்றங்களும், பொது வாக்கெடுப்பு இன்றியே இந்தியாவுடன் இணைய வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றினர். எதுவார் குபேர் அம்மாத இறுதியில் நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசை அறிவித்தார். அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில், பிரதிநிதித்துவ சபை உறுப்பினரும் நகராட்சி மன்ற உறுப்பினருமாக 178 பேர் வாக்களிக்க, 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது.

கீழூரில் வாக்களித்தவர்களில் பெரும்பகுதியினர் கொம்யூன் மன்றங்களின் உறுப்பினர் என்ற தகுதியிலேயே அங்கே வந்தவர்கள் என்பது போதிய அளவு நினைவுகூரப்படுவதில்லை. இந்தியாவோடு புதுச்சேரியை இணைத்த தீர்ப்பை எழுதியவை உள்ளாட்சி மன்றங்கள். ஆண்டுதோறும் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றி மரியாதை செலுத்தும் அரசுகள், அந்த மன்றங்களை மட்டும் காலியாக விட்டுவைத்திருப்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் எதையும் தந்ததில்லை.

இரண்டு தேர்தல்கள், முப்பத்தெட்டு ஆண்டுகள்

1956 மே 28இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கை, 1954 நவம்பர் 1க்கு முன் நிலவிய தனித்த நிர்வாக நிலை தொடரும் என்றும், மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே அதில் மாற்றம் செய்யலாம் என்றும் கூறுகிறது. 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டத்தால் சட்டமன்றமும் அமைச்சரவையும் அமைந்தன. கீழே பழைய கொம்யூன் முறை தொடர்ந்தது. பிரெஞ்சுச் சட்டத்தின்படி கடைசித் தேர்தல் 1968இல் நடைபெற்றது. அதன்பின் 1973இல் நகராட்சிகள் சட்டமும் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகள் சட்டமும் இயற்றப்பட்டு 1974இல் நடைமுறைக்கு வந்தன. புதிய சட்டங்கள் வந்தன, புதிய தேர்தல் வரவில்லை. 1992இல் நிறைவேற்றப்பட்டு 1993இல் நடைமுறையான அரசமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள், ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை உள்ளாட்சித் தேர்தல் நடத்துவதை நாடு முழுவதற்கும் கடமையாக்கிய பின்னரும் புதுச்சேரி காத்திருந்தது. நீதிமன்றம் தலையிட்ட பிறகே, 38 ஆண்டு இடைவெளிக்குப் பின், 2006இல் தேர்தல் நடந்தது.

அந்த மன்றங்கள் ஐந்தாண்டுகள் இயங்கின. மூன்றில் ஒரு பங்கு இடங்கள் மகளிருக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், சட்டமன்றத்தில் பெண்களைக் காண்பதே அரிதான ஒரு பிரதேசத்தில், நூற்றுக்கணக்கான பெண்கள் பொது நிதியைப் பற்றிப் பேசும் நாற்காலிகளில் அமர்ந்தனர். 2011க்குப் பின் அந்த நாற்காலிகளும் அகன்றன. அவற்றில் பயின்றிருக்கக்கூடிய ஒரு தலைமுறைப் பெண் தலைமையின் இழப்பை எந்தத் தணிக்கை அறிக்கையாலும் அளந்து காட்ட இயலாது.

2018இல் உச்ச நீதிமன்றம் தேர்தலை நடத்தி முடிக்குமாறு ஆணையிட்டது. 2021இன் பிற்பகுதியில் தேர்தல் அறிவிக்கப்பட்டது. இடஒதுக்கீட்டுச் சிக்கலில் அது நின்றது. பிற்படுத்தப்பட்டோருக்கு உள்ளாட்சிகளில் இடம் ஒதுக்குவதற்கு முன் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில், மகாராஷ்டிரம் தொடர்பான வழக்கில், வலியுறுத்தியிருந்தது: தனி ஆணையம் ஒன்று தரவுகளைத் திரட்ட வேண்டும், ஒதுக்கீட்டின் அளவு ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் தனித்தனியே முடிவு செய்யப்பட வேண்டும், எல்லா ஒதுக்கீடுகளும் சேர்ந்து 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இதற்காக ஓய்வுபெற்ற நீதிபதி சசிதரன் தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைக்கப்பட்டது. பிற்படுத்தப்பட்டோருக்கு உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கை முற்றிலும் நியாயமானது. ஆனால் தரவு திரட்டும் பணியை 2011க்கும் 2021க்கும் இடைப்பட்ட காலத்தில் செய்திருக்க முடியும் என்பதும், பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டிலேயே அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான வழக்கில் தெளிவாகக் கூறிவிட்டது என்பதும் அதே அளவு உண்மை.

பணியிடம் யாருடையது?

மன்றம் இல்லாத உள்ளாட்சியின் பணியாளர் நிலையைப் புரிந்துகொள்ள, புதுச்சேரி அரசுக்கே உள்ள பணியாளர் நிலையை முதலில் அறிய வேண்டும். மாநிலங்களுக்கு உள்ளதுபோல் தனக்கெனப் பொதுப் பணியாளர் தேர்வாணையம் புதுச்சேரிக்கு இல்லை. ‘அ’ பிரிவுப் பணிகளுக்கும் அரசிதழ்ப் பதிவு பெற்ற ‘ஆ’ பிரிவுப் பணிகளுக்கும் ஆள் தேர்வது டெல்லியிலுள்ள மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் பொறுப்பு. எழுத்தர் போன்ற கீழ்நிலைப் பணிகளுக்கே புதுச்சேரியின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை தேர்வு நடத்துகிறது. இந்திய ஆட்சிப் பணி அலுவலர்கள் அருணாசலம், கோவா, மிசோரம், யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றுக்குப் பொதுவான தொகுப்பிலிருந்து வந்து, சில ஆண்டுகளில் மாறிச் செல்கின்றனர். ஒரு பணியிடம் காலியாகி, கோப்பு மேலே சென்று, ஆள் தேர்வாகி வந்து சேரும் வரை, பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குக் கூடுதல் பொறுப்பு அளிக்கப்படுகிறது. கூடுதல் பொறுப்பு என்பது தற்காலிக ஏற்பாடு என்று விதிகள் கூறும். நடைமுறையில் அது அலுவலகங்களின் இயல்பான நிலையாகவே மாறிவிடுகிறது.

இந்தத் தட்டுப்பாட்டின் அடிமட்டத்தில் வவுச்சர் ஊழியர் என்ற பிரிவு உருவாயிற்று. அனுமதிக்கப்பட்ட பணியிடம் எதுவும் இன்றி, சம்பளப் பட்டியலுக்கு வெளியே, வவுச்சர் என்னும் செலவுச் சீட்டில் கையொப்பமிட்டுக் கூலி பெறுபவர் வவுச்சர் ஊழியர். பொதுப்பணித் துறையில் இவ்வாறு அமர்த்தப்பட்டவர்கள், பின்னர் நீக்கப்பட்டு, மீண்டும் வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடிய வரலாற்றைப் புதுச்சேரியில் அறியாதவர் இல்லை. தேவை உண்மையானது, செய்யப்பட்ட வேலையும் உண்மையானது. பணியிடம் மட்டும் தாளில் இல்லை. முறையான வழியில் ஆளைத் தர முடியாத ஓர் ஆட்சி முறை, முறையற்ற வழியில் ஆளைச் சேர்த்துப் பின் அவர்களைத் தெருவில் நிறுத்துகிறது. இதில் தண்டனை அனுபவிப்பவர் அந்தச் சீட்டில் கையொப்பமிட்டவரே, அதை நீட்டியவர் அல்லர்.

நகராட்சிகளுக்கும் கொம்யூன்களுக்கும் வரும்போது இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. நகரின் குடிநீர் வழங்கலும் கழிவுநீர் வடிகாலும் பொதுப்பணித் துறையிடம் உள்ளன, மின்சாரம் மின்துறையிடம். அரசமைப்பின் 12ஆம் அட்டவணை நகர உள்ளாட்சிகளுக்குரியவையாக 18 பணிகளையும், 11ஆம் அட்டவணை ஊரகப் பஞ்சாயத்துகளுக்குரியவையாக 29 பணிகளையும் பட்டியலிட்டிருந்தாலும், பணியோடு சேர்ந்து அதற்குரிய பொறியாளர், எழுத்தர், நிதி ஆகியவை இடம்பெயர்ந்தால்தான் அப்பட்டியலுக்கு உயிர் வரும். 1996இல் கேரளம் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியதும், துறைகளின் அலுவலர்களை உள்ளாட்சிகளின் கீழ் மாற்றியதும் ஒரே முடிவின் இரு பாதிகளாக இருந்தன. மாஹேயின் நிலத்தை மூன்று பக்கமும் கேரளமே சூழ்ந்துள்ளது. எல்லையைத் தாண்டி நடந்தால் 2005, 2010, 2015, 2020 எனத் தவறாமல் உள்ளாட்சித் தேர்தல் கண்ட ஊர்களை மாஹேவாசிகள் அடைகின்றனர். அவர்களுக்கு ஒப்பீடு நூல்களில் தேட வேண்டியதன்று.

நகராட்சி, கொம்யூன் ஊழியர்கள் தங்கள் ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் அரசே நேரடியாக வழங்க வேண்டும் எனப் பலமுறை போராடியுள்ளனர். சொந்த வருவாயை நம்பி ஊதியம் பெறும் ஊழியர் வருவாய் குறைந்த கொம்யூனில் மாதக் கணக்கில் காத்திருக்க நேரும்போது இக்கோரிக்கை எழுவது இயல்பு. அதை எவரும் குறைகூற முடியாது. ஆயினும் ஊதியம் முழுவதும் மேலிருந்து வரத் தொடங்கினால் ஊழியரின் பொறுப்பும் மேல்நோக்கியே திரும்பும் என்பதையும் எண்ண வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் வழி காண்பதற்காகத்தான், ஐந்தாண்டுக்கு ஒரு முறை உள்ளாட்சிகளின் நிதி நிலையை ஆராய்ந்து, எந்த வரி யாருக்கு, எந்த மானியம் எவ்வளவு என்று பரிந்துரைக்கும் தனி நிதி ஆணையத்தை அரசமைப்பு ஏற்படுத்தியிருக்கிறது. மன்றங்களே இல்லாதபோது அந்த ஆணையத்தின் முன் கொம்யூனின் தேவையை எடுத்துரைக்க வேண்டியவர், அந்தக் கொம்யூனை இன்னும் சில மாதங்களில் விட்டுச் செல்லவிருக்கும் அலுவலராக இருக்கிறார்.

பணம் வரும் பாதை

தமிழ்நாட்டிலும் உள்ளாட்சிகள் மன்றமின்றி இருந்ததுண்டு. சென்னை மாநகராட்சி 1973இல் கலைக்கப்பட்டு 1996 வரை மன்றமின்றிக் கிடந்தது. 2016இல் பதவிக்காலம் முடிந்த பின், ஊரக உள்ளாட்சிகளுக்கு 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், எஞ்சிய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரியிலுமே தேர்தல் நடந்தது. அந்த இடைக்காலத்தில், முறைப்படி அமைந்த உள்ளாட்சிகளுக்கே மானியம் என்ற 14ஆவது நிதிக்குழுவின் நிபந்தனையால் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பணம் நின்றது. தேர்தலைத் தள்ளிப்போடுவதற்கு விலை இருக்கிறது என்பது அரசுக்கும் மக்களுக்கும் கண்கூடாகத் தெரிந்தது.

புதுச்சேரிக்கு அந்த விலைகூட இல்லை. மத்திய வருவாயை மாநிலங்களோடு பகிர்வது பற்றிப் பரிந்துரைக்கும் நிதிக்குழு, அரசமைப்பின் 280ஆவது பிரிவின்படி மாநிலங்களைப் பற்றியே பேசுகிறது. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு உள்ளாட்சிகளுக்கென ₹4,36,361 கோடியைப் பரிந்துரைத்தபோது அது 28 மாநிலங்களுக்கு உரியதாக இருந்தது. சட்டமன்றமும் தனி வரவு செலவுத் திட்டமும் வைத்திருக்கும் புதுச்சேரி, நிதிப் பகிர்வில் மாநிலமாகக் கருதப்படுவதில்லை. மத்திய உதவி, உள்துறை அமைச்சகத்தின் ஒதுக்கீடாக வருகிறது. 2025-26ஆம் ஆண்டுக்கு ₹13,600 கோடியில் வரவு செலவுத் திட்டம் போட்ட ஒரு பிரதேசம், அதைத் தாக்கல் செய்வதற்கு முன் மொத்தத் தொகைக்கே மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டியிருக்கிறது. இந்த ஒப்புதலுக்குக் காத்திருந்து, மார்ச்சில் இடைக்காலச் செலவு அனுமதியும் பல மாதங்கள் கழித்து முழுத் திட்டமும் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. உள்ளாட்சிகளை வெறுமையாக வைத்திருப்பதால் புதுச்சேரி இழக்கும் நிதிக்குழு மானியம் என்று ஒன்றும் இல்லாமையால், தேர்தலை வற்புறுத்தும் கை நீதிமன்றத்தின் கையாக மட்டுமே இருந்து வந்திருக்கிறது.

இதனிடையே பணம் வேறொரு பாதையில் நகருக்கு வந்தது. 2017இல் புதுச்சேரி பொலிவுறு நகரத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரு நகருக்கு ஐந்தாண்டுகளில் ₹500 கோடி வரை மத்திய அரசு தந்த இத்திட்டத்தின் நிதி நகராட்சிக்குச் செல்லவில்லை. இதற்கென நிறுவனச் சட்டத்தின்படி தொடங்கப்பட்ட தனி நிறுவனத்துக்குச் சென்றது. அரசும் நகர உள்ளாட்சியும் அந்நிறுவனத்தில் சம பங்குதாரர்கள் என்பது திட்ட விதியாக இருந்தது. ஆனால் உள்ளாட்சியில் மன்றம் இல்லாத நகரில் அந்தச் சமபங்கின் பொருள் என்ன? அரசின் சார்பில் அமர்பவர் ஓர் அலுவலர். நகராட்சியின் சார்பில் அமர்பவரும் அதே அரசு அமர்த்திய அலுவலர். பெரிய மார்க்கெட் என்று ஊரார் அழைக்கும் குபேர் அங்காடியைப் புதுப்பிக்கும் திட்டம் இதனாலேயே சிக்கலுக்குள்ளானது. கடைகளை முற்றாகக் காலி செய்யச் சொன்னபோது வியாபாரிகள் எதிர்த்தனர்; அவர்கள் முறையிடவும், ஏற்கவும் மறுக்கவும் கூடிய இடமாக நகராட்சி மன்றம் இருந்திருந்தால், அப்பேச்சு கடையடைப்பாக அன்றி, மன்றக் கூட்டத்தின் விவாதமாக நடந்திருக்கும். சாலையோரக் கீரைக் கூடைக்காரிக்கும் அங்காடியின் நிரந்தரக் கடைக்காரருக்கும் தேவைகள் ஒன்றல்ல என்பது வட்ட உறுப்பினருக்குத் தெரிந்திருக்கும் அளவுக்கு, எந்தத் திட்ட ஆலோசகருக்கும் தெரிய வாய்ப்பில்லை.

கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் என்று அழைக்கப்படும் பழைய நகராட்சி மாளிகையின் வரலாறு இதைவிடக் கூர்மையான சான்று. 19ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கட்டடம், பராமரிப்பின்றிப் பழுதடைந்து, 2014 நவம்பர் இறுதியில் பெய்த மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி உதவியுடனான கடலோரப் பேரிடர் இடர் குறைப்புத் திட்டத்தின் கீழ், சுமார் ₹15 கோடி செலவில், பழைய வடிவம் மாறாமல் மீண்டும் கட்டப்பட்டு, 2021 பிப்ரவரி 25இல் பிரதமரால் திறந்து வைக்கப்பட்டது. அதைச் செய்து முடித்த பொறியாளரும் கொத்தனாரும் பாராட்டுக்கு உரியவர்கள். மரபைக் காப்பதற்கான செலவு வீண் என்று எவரும் கூற முடியாது. ஆனால் மேரி என்பது மேர் இருக்கும் இடம். விழுந்தபோதும் அதில் மன்றம் இல்லை, எழுந்தபோதும் இல்லை.

‘சட்டமன்ற உறுப்பினர் போதாதா?’

உள்ளாட்சித் தேர்தலின் தாமதத்தை நியாயப்படுத்துவோர் ஒரு வலுவான வாதத்தை முன்வைப்பதுண்டு. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரியின் மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம், தேர்ந்தெடுக்கப்படும் சட்டமன்ற உறுப்பினர்கள் 30 பேர். ஒரு தொகுதிக்குச் சராசரியாக 42,000 பேருக்கும் குறைவு. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியின் மக்கள்தொகை இரண்டரை லட்சத்தைத் தாண்டும். சென்னை மாநகராட்சியின் 200 வட்டங்களில் ஒன்றே ஏறத்தாழ 33,000 பேரைக் கொண்டது. ஆகவே புதுச்சேரியின் சட்டமன்ற உறுப்பினர் நடைமுறையில் ஒரு வட்ட உறுப்பினரே. தெருவிளக்கு எரியாவிட்டாலும் அவர் வீட்டு வாசலுக்கே மக்கள் போகின்றனர். அதற்கு மேல் இன்னொரு பிரதிநிதி எதற்கு என்பது அந்த வாதம்.

இந்த விவரிப்பு உண்மையானது, அதிலிருந்து பெறப்படும் முடிவே தவறானது. சட்டமன்ற உறுப்பினர் கவனிக்கும் தெருவிளக்கு, உரிமையாக அன்றி உதவியாகவே வந்து சேர்கிறது. எந்தத் தெரு என்பது நிர்வாகத் திட்டத்தால் அன்றி, நெருக்கத்தால் முடிவாகிறது. சட்டம் இயற்றவும் அரசைக் கேள்வி கேட்கவும் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் நேரம் வாய்க்கால் அடைப்பில் கழிகிறது. நகராட்சி ஊழியருக்கும் தம் அமைப்பின் தேவையைத் தம் மன்றத்தில் வைக்க வழியில்லாமல், தொகுதியின் அரசியல் மனநிலையை அறிந்து நடக்கும் நிர்ப்பந்தம் ஏற்படுகிறது. உள்ளாட்சித் தேர்தல் நடந்தால் தம் செல்வாக்கு பங்கு பிரியும் என்பதை எல்லாக் கட்சிகளின் சட்டமன்ற உறுப்பினர்களும் அறிவர். ஆட்சியில் யார் இருந்தாலும் தேர்தல் தள்ளிப்போனதற்கு வேறு எந்தக் காரணத்தையும்விட இந்தக் காரணமே பொருத்தமாகத் தோன்றுகிறது.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகளில் வீடுகளுக்குள் சிக்கியவர்களை மீட்க ராணுவம் அழைக்கப்பட்டது. இவ்வளவு மழையை எந்த நகராட்சியாலும் தடுத்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவர் இருக்கிறார், எந்தச் சந்தில் தண்ணீர் முதலில் ஏறும், பெரிய வாய்க்காலின் எந்த வளைவில் குப்பை சேர்ந்து நீரை எதிர்த்துத் தள்ளும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பவர், அந்தத் தெருவில் வாழ்ந்து, அந்தத் தெருவினால் தேர்ந்தெடுக்கப்பட்டவராகவே இருக்க முடியும். ராணுவப் படகுக்கு வழிகாட்டுவதற்கும் அத்தகைய ஒருவர் வேண்டும்.

தேவையை அறியும் உறுப்பைச் சட்டத்தால் பெற்ற அமைப்பு எப்படி வளர்கிறது என்பதற்கு இதே நகரில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1823இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியை வேராகக் கொண்டு, 1964 முதல் ஜவாஹர்லால் பெயரைத் தாங்கிய ஜிப்மர், 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. அதன்பின் அதற்கென ஆட்சிக் குழுவும் தனி நிதியும் அமைந்தன. எத்தனை பேராசிரியர் வேண்டும், எத்தனை செவிலியர் வேண்டும் என்பதை அந்த மருத்துவமனையின் நடைமுறையை அறிந்தவர்கள் கூடி முடிவெடுத்து முன்வைக்கின்றனர். மாற்றத்தின்போது உள்ளூர் ஏழைகளின் சிகிச்சை உரிமை குறித்து எழுந்த அச்சங்கள் நியாயமானவை. ஆயினும், தன் ஆள்பலத்தையும் பொருள்வளத்தையும் தானே கணக்கிட்டுக் கேட்கும் உரிமை ஒரு நிறுவனத்துக்கு எவ்வளவு ஊட்டம் தருகிறது என்பதில் ஐயமில்லை.

புதுச்சேரிச் சட்டமன்றம் மாநிலத் தகுதி கோரிப் பல தீர்மானங்களை ஒருமனதாக நிறைவேற்றியிருக்கிறது. எங்கள் வரியை நாங்கள் செலவிட ஏன் அனுமதி கேட்க வேண்டும், எங்கள் பணியிடங்களை நிரப்ப ஏன் டெல்லிக்குக் கோப்பு போக வேண்டும் என்று அத்தீர்மானங்களின் மீது பேசியவர்கள் எழுப்பிய கேள்விகள் ஒவ்வொன்றும் வலுவானவை. அதே கேள்விகளைப் பாகூர் கொம்யூனும் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனும் புதுச்சேரிச் சட்டமன்றத்தை நோக்கிக் கேட்க முடியும். கேட்பதற்கு மன்றம் இல்லாமையால் அவை இதுவரை கேட்கவில்லை. கீழே உள்ளவற்றுக்குத் தர மறுத்ததை மேலே உள்ளவரிடம் உரிமையாகக் கோரும்போது கோரிக்கையின் அறவலிமை குறைகிறது. மாறாக, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் 5 நகராட்சிகளிலும் 10 கொம்யூன்களிலும் அமர்ந்து தம் தேவைகளைத் தீர்மானமாக்கி அனுப்பினால், மாநிலத் தகுதிக் கோரிக்கைக்கு அதைவிட வலுவான ஆதாரம் கிடைக்கப்போவதில்லை.

தேர்தல் நடந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதை 2006 மன்றங்களின் அனுபவம் காட்டுகிறது. குடிநீரும் வடிகாலும் துறைகளிடமே இருந்ததால் அம்மன்றங்களின் உறுப்பினர்கள் வாக்களித்தவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்தனர். அடுத்த மன்றங்கள் பதவியேற்பதற்கு முன்பே சில ஏற்பாடுகள் முடிந்திருக்க வேண்டும்: பொதுப்பணித் துறையின் நகரக் குடிநீர்ப் பிரிவிலுள்ள பொறியாளரும் பணியாளரும் தம் பணிமூப்பும் ஓய்வூதியமும் காக்கப்பட்ட நிலையில் நகராட்சிக்கு அயற்பணியில் மாற்றப்பட வேண்டும், கொம்யூன்களுக்கென இளநிலைப் பொறியாளர், கணக்கர் அடங்கிய பொதுப் பணித் தொகுப்பு ஒன்று உருவாக வேண்டும், பிரதேசத்தின் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளின் பங்கு இவ்வளவு விழுக்காடு என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும், ஒப்பந்தத்தில் அள்ளப்படும் குப்பைக்குப் பட்டுவாடா செய்வதற்கு முன் வட்ட உறுப்பினரின் சான்று கட்டாயமாக்கப்பட வேண்டும். இவற்றில் முதல் இரண்டுக்கு ஆகும் செலவு, துறைகளில் இப்போதே வழங்கப்பட்டு வரும் ஊதியத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.